கூரையில்லாக் கோயில்

தடாலென்று கதிரை சரிந்தது. அருளப்பு எழுந்து நின்றுவிட்டார்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. புதிதாய் வந்த அகதிகளுக்கான வெக்ஸ்போர்ட் ஆங்கில வகுப்பில், தொல்பொருள் ஆய்வாளரான ரீச்சரின் கணவர் படம் காட்டிக்கொண்டிருந்தார். திரையில், அரிசோனா பாலைவனத்தில் ஸ்பானியப் பாதிரிமார் கட்டிய கோயில். கூரை போய் மண்சுவர் மட்டும் நின்றது.

"இருநூறு வருடமாக இங்கே மனித நடமாட்டமே இல்லை. ஆனால் ஒரு பெண் முனகுவது கேட்கிறதாம்!" என்று சிரித்தார் அவர். "சுவரில் கீறிய இந்தச் சிலுவையின் கீழே யாரோ பாதிரியாரைப் புதைத்திருக்கிறார்கள். அடுத்த கிழமை தோண்டப் போகிறோம்."

"வேண்டாம், சேர்!" என்றார் அருளப்பு.

பக்கத்திலிருந்த பெனடிக்ற் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தான். "இருங்கோ அண்ணை! நேரே பிளேனில வந்தனான் எண்டு எழுதிக் குடுத்திட்டு, நாளைக்கு அகதி விசாரணையை வைச்சுக்கொண்டு, உந்தப் பாலைவனத்தால களவா எல்லை கடந்து வந்த கதையை அவிழ்க்கப் போறியளோ? கேஸ் போச்செண்டால் மன்னாரில நிக்கிற உங்கட மனிசியை எப்பிடிக் கூப்பிடுறது?"

அருளப்பு அவன் கையை மெல்ல விலக்கினார்.

"அவ மன்னாரில இல்லையடா, தம்பி. உந்தச் சிலுவையைக் கீறினது நான்தான்."