கறுத்த எண்ணெய்

“பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க. இதுதான் பட்டறைக்காரன் சீனி ஊத்தின புது எண்ணெயாம்!”

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில், ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி லூர்துசாமி தன் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் பிடித்தார். நடுவில் கருகருவென்று ஒரு கறை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. மலாயாவின் ஈப்போ நகரில் சொந்தமாக மோட்டார் வைத்திருந்த தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பாதிப் பேர் அந்த வாசலில்தான் நின்றார்கள்.

“போன வாரம்தான் மாத்தினான். எஞ்சின்ல எண்ணெய் அளக்குற கம்பியை உருவித் துடைச்சேன். இந்தக் கோலம்!”

“கேட்டீங்களா அவனை?” என்றார் லோரி வைத்திருந்த பெர்னார்ட்.

“கேட்டேன். ஓடினா கறுக்கத்தான் செய்யும் ஐயான்னு சிரிக்கிறான்.”

“அடப்பாவி! பழசையே திரும்ப ஊத்தியிருக்கான் அண்ணே. இனிமே என் லோரி அவன் பட்டறைப் பக்கம் போகாது லா.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். புந்தோங் பேட்டையில் சீனியின் மோட்டார் பட்டறை காலியானது.

வீட்டில் நவமணி கை நீட்டினாள். “அந்தக் கைக்குட்டையைக் கொடுங்க, துவைக்கிறேன்.”

“தொடாதே. அது சாட்சி.”

அடுத்த சனிக்கிழமை லூர்துசாமி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கோணிச் சாக்கை விரித்து, காருக்கு அடியில் புகுந்தார். எஞ்சின் அடியில் இருந்த திருகைக் கழற்றி, எண்ணெய் முழுவதையும் தகரத்தில் இறக்கினார். மூக்கிலிருந்து முழங்கை வரை கறுப்பு.

“கிராணி வேலை போச்சான்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்க” என்றாள் நவமணி.

“கேக்கட்டும். இதைப் பாரு.” கடையில் சீல் பிரிக்காமல் வாங்கிய டின்னைத் திறந்து காட்டினார். “தேன் மாதிரி இருக்கு பாரு. என் கையால ஊத்துறேன். இதுல எவன் ஏமாத்த முடியும்?”

“திருகை நல்லா முறுக்கினீங்களா?”

“எனக்குத் தெரியாதா?”

புதன்கிழமை காலையில் மகள் டோரிசுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். பத்து காஜா ஊரிலிருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பின்சீட்டில் தாயின் மடியில் அவளைச் சாய்த்து, லூர்துசாமி காரைக் கிளப்பினார்.

புந்தோங் வழியாகப் போகும்போது சீனியின் பட்டறை வந்தது. சீனி வாசலில் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். லூர்துசாமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் நவமணி சொன்னாள். “என்னங்க, பின்னால சீனி சைக்கிள்ல வாரான். கையை ஆட்டுறான்.”

திரும்பிப் பார்த்தார். சீனி நின்றபடியே மிதித்துக்கொண்டு ஏதோ கத்தினான். சைக்கிள் கம்பியில் ஒரு தகரம் ஆடியது.

“வம்புக்கு வாரான். பொழப்பைக் கெடுத்தேன்ல?” லூர்துசாமி வேகத்தைக் கூட்டினார்.

“ஐயோ அப்பா, குலுங்குது!” என்று டோரிஸ் அலறினாள்.

ரப்பர் தோட்டம் தொடங்கும் இடத்தில் ரயில் கேட் மூடியிருந்தது. வேறு வழியில்லை, நிறுத்தினார். சீனி வந்து சேர்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

லூர்துசாமி கதவைத் திறந்து இறங்கினார். “டேய், உள்ளே பிள்ளை வலியில துடிக்குது. சண்டையை நாளைக்கு வெச்சுக்க!”

சீனி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, ஸ்பேனரோடு காருக்கு அடியில் புகுந்தான். இரண்டு மூன்று முறை இரும்பு உராயும் சத்தம் கேட்டது.

“திருகு கழண்டு ஆடுது, ஐயா. என் பட்டறை வாசல்ல இருந்து ரோடு பூராவும் எண்ணெய்க் கோடு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா, எஞ்சின் இறுகி நடுக்காட்டுல நின்னிருப்பீங்க.”

வெளியே வந்தவன் தகரத்தைத் திறந்து, எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றினான்.

“அவ்வளவு கத்தினேனே, ஏன் வேகமா ஓட்டினீங்க?”

“நீ... அடிக்க வாரேன்னு நினைச்சேன்.”

“அடிக்கிறவன் எண்ணெய் தூக்கிட்டு வருவானா?”

பின்சீட்டில் டோரிஸ், அந்த வலியிலும், பொசுக்கென்று சிரித்துவிட்டாள்.

திருகிலிருந்து வழிந்த எண்ணெய் சீனியின் கையெல்லாம் அப்பியிருந்தது. லூர்துசாமி சட்டைப்பையில் அகப்பட்ட துணியை எடுத்து நீட்டினார். சீனி விரல்களைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். அப்போதுதான் அது எந்தக் கைக்குட்டை என்று அவருக்குத் தெரிந்தது.

பழைய கறைக்குப் பக்கத்தில் புதுக் கறை. அதே கறுப்பு.

சனிக்கிழமை, தன் கையால், தேன் நிறத்தில் ஊற்றியது.

“அடுப்புல வெச்ச சட்டி கறுக்காம என்ன செய்யும்?” என்று நவமணி முணுமுணுத்தாள்.

லூர்துசாமி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “சாமானெல்லாம் எதுக்குக் கட்டுறே, சீனி?”

“தெலுக் ஆன்சன் டவுனுக்குப் போலாம்னு இருக்கேன். இங்க வண்டி வரலை.”

ரயில் கடந்து போனது. கேட் திறந்தது.

“போங்க ஐயா. முதல்ல தங்கச்சியைப் பாருங்க.”

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து லூர்துசாமி எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். பேத்தி பிறந்திருந்தாள். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார்.

“ஒண்ணு சீனி ஊத்தின எண்ணெய். இன்னொண்ணு சீல் பிரிச்ச புது டின் எண்ணெய், நாலே நாள் ஓடினது. எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

பெர்னார்ட் குனிந்து, இரண்டில் கறுப்பு அதிகமாகத் தெரிந்த கறையில் விரலை வைத்தார்.

“இதைச் சொல்லணுமா அண்ணே? இதுதான் அந்தக் களவாணிப் பய ஊத்தினது!”

“அது நான் ஊத்தினது, பெர்னார்ட். நாளைக்கு உன் லோரியைச் சீனி பட்டறைக்குக் கொண்டுபோ. எனக்குப் பின்னால வரிசையில நில்லு.”