கல் அறுக்கும் தட்டு

ஆரணிக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கல்லைக் காகிதம்போல் மெலிதாக அறுத்துக்கொண்டிருந்த அம்மணியின் ஜடையைத் தாய்மாமன் குப்புராஜ் பிடித்து இழுத்தான்.

“ஜல்தியா கெளம்புடி. நாளைக்குத் தாலி கட்டுறேன். அப்பால என் தறியில உக்காந்து நெய்யணும்.”

“மாட்டேன் மாமா!”

பளாரென்று அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் கையைப் பற்றி, கல் அறுக்கச் சுழலும் தட்டுப் பக்கம் இழுத்தாள் அம்மணி.

“கல்லையே அறுக்குது. வெரலு போனா எப்டி நெய்வே? சொல்லு, கல்யாணம் வேணுமா?”

“வாணாம்மே! ரேணுகாம்பா சத்தியமா வாணாம், உட்டுடு!”

கையை உதறிக்கொண்டு ஓடினான்.

அம்மணி சுவிட்சை அணைத்துவிட்டு, இன்னும் சுழன்றுகொண்டிருந்த தட்டைத் தன் விரலாலேயே அழுத்தி நிறுத்தினாள்.

“ஐயோ, வெரலு!” என்று ஓடிவந்தாள் தோழி பாஞ்சாலை.

“கல்லு மாதிரி கெட்டியா இருந்தாத்தான் இது அறுக்கும். மெத்துனு இருக்கிற சதையை ஒண்ணும் பண்ணாதுடி. நல்லவேள, மாமாவுக்கு அது தெரில.”