மலிவாய்க் கிடைத்த ஆள்

"சாப்பாடு, தங்குற எடம், வைத்தியம் எல்லாம் அங்கேயே. லீவு மட்டும் கெடையாது. மத்தபடி கொறை சொல்ல ஒண்ணுமில்லப்பா," என்றார் சொக்கநாதன்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த சேவுகன் தலையாட்டினான். முகத்தில் பல நாள் தாடி. சட்டைப் பையில் பழைய போன் ஒன்று கனத்துத் தொங்கியது.

"எத்தனை வருஷங்க?"

"காயிதத்துல ஆயுள்னுதான் இருக்கும். நம்ம வக்கீல் பேசினா அதுக்கு ரொம்ப முன்னாடியே வெளிய வந்துரலாம். சிங்கப்பூர் போன பயலுகளும் அவ்வளவு நாள் கழிச்சுத்தானே திரும்புறானுங்க?"

விராலிமலையில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருந்த பாத்திரக் கடை சொக்கநாதனுடையது. அதன் பின்னறையில், அண்டா குண்டாக்களுக்கு நடுவே, அன்று காலை அவர் விலை பேசிக்கொண்டிருந்தது ஒரு கொலைப் பழியை. செய்தது அவர் மகன் அருண். அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கோர்ட்டில் சரணடைய ஓர் ஆள் வேண்டியிருந்தது.

சென்னையில் துறைமுகத்துக்குப் பின்னால், கூலிக்காரர்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு சந்தில் அருண் பழைய இரும்புக் கடை வைத்திருந்தான். போன மாதம் அந்தச் சந்தின் சாக்கடையோரம் தலையில்லாத உடல் ஒன்று கிடைத்தது. யாருடையது என்று போலீஸ் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் கடை கடையாகக் கேமராப் பதிவுகளை வாங்கிப் போயிருந்தார்கள். அவர்கள் அருணிடம் வருவதற்குள் ஆள் பிடிக்கச் சொல்லி வக்கீல் குமாஸ்தா ரகுநாத்தை ஊர் ஊராக அனுப்பியிருந்தார் சொக்கநாதன்.

நாற்பது வருஷம் பேரம் பேசிய மனிதர். கொடுக்க நினைத்ததில் கால்வாசியைத்தான் முதலில் சொன்னார். ஆள் முகம் சுளிப்பான், எழுந்து போவதுபோல் பாசாங்கு செய்வான், வாசல்வரை விட்டுத் திரும்பக் கூப்பிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"சரிங்க மொதலாளி," என்றான் சேவுகன்.

சொக்கநாதனுக்கு வயிறு எரிந்தது. இன்னும் குறைத்துச் சொல்லியிருக்கலாம்!

"ஆனா ஒண்ணுங்க. நடந்ததைச் செஞ்சவரு வாயாலயே எனக்குச் சொல்லணும். போலீஸ் மாத்தி மாத்திக் கேக்கும். நான் முழிச்சேன்னா எல்லாருமே மாட்டிக்குவோம்."

"வெவரமான ஆளுதான் மொதலாளி. விஷயம் கேள்விப்பட்டுத் தானாத் தேடி வந்தவனைப் பாத்ததுமே புடிச்சுப் போட்டேன்," என்று ரகுநாத் தன் தேர்வைத் தானே மெச்சிக்கொண்டார்.

மாடியிலிருந்து அருண் வரவழைக்கப்பட்டான். நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம். அக்கம் பக்கம் கடையெல்லாம் பூட்டியிருந்துச்சு. லோடு ஏத்த ரோட்டுலேருந்து ஒருத்தனைக் கூட்டியாந்தேன். பேருகூடக் கேக்கல. அந்த நாயி, என் தராசு எடை தப்பாக் காட்டுதுன்னு சரக்குப் போட வந்த ஆளுகிட்டயே சொல்லிட்டான். அந்தாளு போனதும் கம்பியை எடுத்தேன்."

"ஓடலையா?"

"ஓடப் பாத்தான். ஒரு காலு கோணல். வலது காலுன்னு நெனைக்கிறேன்."

"இடது," என்றான் சேவுகன்.

அருண் யோசித்தான். "ஆமா, இடதுதான்."

பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சொக்கநாதன் பூரித்துப்போனார். இந்த விலைக்கு இப்படி ஒரு சரக்கு எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

"தலையை எதுக்குங்க எடுத்தீங்க?"

"அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான். இரும்பு வெட்டுற மெஷின் கடையிலயே இருந்துச்சு."

சேவுகன் குடிக்காமல் வைத்திருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"இப்ப அது எங்கங்க இருக்கு?"

"அது எதுக்கு ஒனக்கு?" என்று குறுக்கே விழுந்தார் சொக்கநாதன்.

"போலீஸ் மொதல்ல அதைத்தானுங்க கேக்கும். தலை எங்கன்னு தெரியாதவனைக் கொலைகாரன்னு யாரு ஒத்துக்குவா?"

"நியாயந்தான். சொல்லிருங்க சின்ன மொதலாளி," என்றார் ரகுநாத்.

அருண் குரலைத் தணித்தான். "பெயிண்ட் டப்பாவுல போட்டு, ஊருக்கு வரும்போது கார்லயே கொண்டாந்தேன். நம்ம குளத்தூர் தோட்டத்துக் கெணத்துல கெடக்கு."

சொக்கநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தோட்டத்தைப் போன வாரம்தான், கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு என்று சொல்லி, விலை பேசி முடித்திருந்தார்.

சேவுகன் எழுந்தான். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து வாயருகே கொண்டுபோனான்.

"கேட்டுச்சுங்களா மேடம்?"

"எல்லாம் கேட்டுச்சு," என்றது இன்ஸ்பெக்டரம்மாவின் குரல். "கடை வாசல்லதான் நிக்கிறோம். வாரோம்."

ரகுநாத் பின்வாசலைத் தேடி ஓட, குடங்கள் சரிந்து உருண்டன. அருண் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சொக்கநாதன் மட்டும் சேவுகனின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிராளியையே விலை சொல்லச் சொன்னார்.

"எவன்டா ஒன்னைய அனுப்பினான்? அவன் குடுக்குறதுக்கு மேல நான் தாரேன். போன்ல பேசினது நாங்க இல்லைன்னு சொல்லிரு. ஒனக்கு என்ன வேணும்? நீயே சொல்லுப்பா, கொறைக்கச் சொல்லிக் கேக்கவே மாட்டேன்!"

சேவுகன் கைகளை மெல்ல உருவிக்கொண்டான்.

"தலை மட்டும் போதுங்க. எந்தம்பிக்குக் கொள்ளி வைக்கணும்."