கதவடைத்த நத்தை

வயல் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நத்தை தியானத்தில் உட்கார்ந்தது. "மூச்சை உள்ளே இழுத்து, மனசையும் உள்ளே திருப்பப் போறேன். இனி இடியே விழுந்தாலும் எனக்குக் கேட்காது." சொல்லிவிட்டு ஓட்டின் மூடியைச் சாத்திக்கொண்டது.

கேட்டுக்கொண்டிருந்த நண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுப்புக்காக வயல் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலுக்குப் போகாவிட்டால் காய்ந்து சாக வேண்டியதுதான். "தண்ணி வடியுது, வெளியே வா!" என்று ஓட்டைத் தட்டித் தட்டிக் கத்தியது. பேச்சுமூச்சில்லை.

நண்டு பக்கத்திலிருந்த தவளையிடம், "இந்த நத்தையைப் பத்தி நேத்து நாரை என்ன சொல்லிச்சு தெரியுமாண்ணே?" என்று கிசுகிசுத்தது.

மூடி படக்கென்று திறந்தது. "என்ன சொல்லிச்சு?"

"உள்ளே ரொம்ப தூரம் போயிட்டியோன்னு பயந்தே போயிட்டேன்," என்றது நண்டு. "வாசல்லயேதான் உட்கார்ந்திருக்கே. வா, போகலாம்."