நூறடி வயர்

பாட்டை நிறுத்தாமலே கிழவர் மேடையிலிருந்து இறங்கினார்.

கூட்டம் விசிலடித்தது. டில்மன் கிதாரோடு மேசைகளுக்கு நடுவே புகுந்து, வாசல் தாண்டித் தெருவில் நின்று வாசிப்பது சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கூத்துதான். அதற்காகவே கிதாரை ஸ்பீக்கரோடு இணைக்க நூறடி வயர் வைத்திருந்தார். வயரில்லாமல் வாசிக்கும் கருவியெல்லாம் வந்து எவ்வளவோ காலமாயிற்று. அவருக்கு அது பிசாசு வேலை.

முன்பெல்லாம் பல்லால் கம்பியை மீட்டுவார். பல் செட் வந்தபின் அந்த வித்தையை மூட்டை கட்டிவிட்டார். மிச்சமிருந்தது சத்தம். ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்தாரென்றால், முன்வரிசை மேசையில் பீர் தம்ளர் நகரும்வரை விடமாட்டார்.

பாட்டு? ஆயுசு பூராவும் ஒரே புலம்பல். என்னை விட்டுப் போயிட்டா, பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா. ஆனால் அவர் சம்சாரம் வெர்னீஸ் ஒருநாளும் போனதில்லை. கோழி பொரித்து டப்பாவில் கட்டிக்கொடுப்பாள். அதைத் தின்றுவிட்டு வந்து இவர் ஏப்பத்தோடு புலம்புவார்.

இன்றைக்கு நிஜமாகவே போகிறாள்.

அவர் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிற எனக்கு மேடையில் கண்ணாடி ஜன்னலோரம் இடம். எதிர்ச்சாரியில் அவர்கள் வீட்டு வாசலில் மகளின் கார் நின்றது. அட்லாண்டாவிலிருந்து அம்மாவைக் கூட்டிப்போக வந்தவள் டிக்கியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெர்னீஸ் சர்ச்சுக்குப் போட்ட தொப்பியோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவள் கேட்டதைக் கிழவரே என்னிடம் சொன்னார். "ஊரு கேக்க என் பேரைச் சொல்லி அழுவுற. வீட்டுக்குள்ள நாம ரெண்டு பேரா இருக்கையில ஒரு வார்த்தை பேசியிருக்கியாய்யா?"

"அதுக்கு நீ என்னண்ணே சொன்னே?" என்றேன்.

"மத்தியானம் கச்சேரி இருக்குன்னேன்."

மனுஷனா இவர்! எனக்கு அப்போதே தலையிலடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இப்போது நடுத்தெருவில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். பஸ்காரன் ஹாரனை அடித்தான். உள்ளேயிருந்த கூட்டம் பாதி வெளியே போய், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றி நின்றது. ஸ்பீக்கர் அலறியது. வெர்னீஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் டிக்கியைச் சாத்தினாள்.

கிழவர் காரைப் பார்த்து நடந்தார். நாலு எட்டு மிச்சமிருக்கும்போது வயர் விறைத்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

சட்டென்று ஸ்பீக்கரில் கிதார் செத்தது.

"அடச்சே, வயரு பிடுங்கிக்கிச்சுடா!" என்று கத்தினான் எங்கள் டிரம்ஸ்காரன் க்ளீவ்.

பிடுங்கிக்கொள்ளவில்லை. நான் பார்த்தேன். அவரே கிதாரிலிருந்து உருவிக் கீழே போட்டார்.

போய்க் கார் ஜன்னலில் குனிந்தார். கண்ணாடி கொஞ்சம்போல இறங்கியது. கதவில் கிதாரைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாசித்தார். வயரில்லாத எலெக்ட்ரிக் கிதார் கொசு முனகுகிற மாதிரி முனகும், அவ்வளவுதான். சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. அவர் வாயும் அசைந்தது. என்ன சொன்னாரோ, அது அந்த அம்மாளுக்கு மட்டும்.

வெர்னீஸ் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

பின்கதவு திறந்தது. முதலில் கிதார் ஏறியது, பிறகு கிழவர். கார் கிளம்பி முனையில் திரும்பிவிட்டது.

கூட்டம் கைதட்டித் தீர்த்தது. இப்படியொரு வித்தையை அவர் இதுவரை காட்டியதே இல்லையாம். எப்படியும் பின்வாசல் வழியாக வந்து மேடையில் குதிப்பார் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள்.

க்ளீவ் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். டில்மன் கிதார் கழுத்தை ஒருதரம் கீழே சாய்த்தால்தான் எங்கள் பாட்டு முடியும். வேறு எப்படி முடிப்பதென்று எங்களுக்குத் தெரியாது.

வாசித்துக்கொண்டே இருந்தோம்.