நேபாளிக்கு எண் நான்கு

"நேபாளிக்கு நாலாம் நம்பர். அதை யார் எடுக்கிறது?" போன் மாட்ட வந்த ஹஸ்னுல் கேட்டான்.

எங்கள் கையுறைத் தொழிற்சாலைக்கு நாளை வெளிநாட்டு ஆய்வாளர்கள் வருகிறார்கள். தொழிலாளர்கள் புகார் சொல்ல ஐந்து மொழியில் போன் இருக்க வேண்டுமாம்.

மேலாளர் மிஸ் யோ கொட்டாவி விட்டபடி என்னைக் காட்டினாள். "ஆபீஸ்ல இவனுக்கு மட்டும்தான் நேபாளி தெரியும்."

இந்தக் கம்பெனியில் எது என்றாலும் என் தலையில்தான். 'உங்கள் பெயர் வெளியே போகாது' என்று அலுப்போடு என் குரலில் பதிவு செய்து கொடுத்தேன்.

விடுதிச் சுவரில் எண்ணை ஒட்டிய சூட்டோடு மணி அடித்தது.

"அண்ணே, விடுதி வார்டன் எங்க பாஸ்போர்ட்டையெல்லாம் பிடுங்கிப் பூட்டி வச்சிருக்கான். கேட்டா அடிக்கிறான்."

"யாரு அந்த வார்டன்?"

"லோக் பகதூர். ஆமா, உங்க குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே?"

"இப்பதானே பதிவுல கேட்டே, தம்பி. உன் பேரு?"

"அவனுக்குத் தெரிஞ்சிடாதே?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ரூபக். பதினோராம் ரூம்."

ஹஸ்னுல் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான். "லைன் எப்படி இருக்கு, லோக் பகதூர்?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"நல்லாத் தெளிவாக் கேக்குது."