இமை வேலையை விட்ட கதை

பல்லிக்கும் முன்னெல்லாம் இமை இருந்தது. நம்பாதவர்கள் எந்தப் பல்லியை வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். "ச்சு, ச்சு" என்று அதுவே ஒப்புக்கொள்ளும்.

ஒரு வீட்டுப் பல்லி, சாயங்காலம் விளக்குப் போட்டதும் டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பூச்சி வர வேண்டுமே! வெளிச்சத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அண்ணே, கண்ணு காயுது. ஒரு தரம் மூடித் திறக்கட்டுமா?" என்றது இமை.

"நீ மூடுற நேரம் பார்த்துப் பூச்சி பறந்துட்டா? சும்மா கிட."

"எரியலையா உங்களுக்கு?"

"எரியுதுதான். அதுக்காகச் சாப்பாட்டை விட முடியுமா?"

தினமும் இதே பேச்சு. கடைசியில் இமைக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேலை குடுக்காத இடத்துல நான் எதுக்கு?" என்று இறங்கிப் போய், வேலியோரத் தொட்டாற்சுருங்கியிடம் சேர்ந்துகொண்டது. அங்கே யார் தொட்டாலும் மூடிக்கொள்ளலாம்.

தொல்லை விட்டது என்று பல்லி விளக்கடிக்குப் போனது. கொஞ்ச நேரத்திலேயே மணலை அள்ளிப் போட்டதுபோல் கண்கள் உறுத்தின. சுவரெல்லாம் புகைமூட்டமாய்த் தெரிந்தது. வேறு வழியில்லாமல் நாக்கைக் கூப்பிட்டது.

"நீதான்ப்பா துடைச்சு விடணும்."

நாக்கு முனகிக்கொண்டே நீண்டு, ஒரு கண்ணை நிதானமாகத் துடைத்தது. அந்த நேரம் பார்த்து, கொழுத்த விட்டில் ஒன்று பல்லியின் மூக்குக்கு நேரே வந்து உட்கார்ந்தது.

"பிடி, பிடி!" என்று பதறியது பல்லி.

"இருங்கண்ணே," என்றது நாக்கு. "இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு."